ஜிப்ஸியில் எம்பிஎஃப்ஐ என்ஜின் மாற்றிய பிறகு மலையேறும்போது மட்டும் பெட்ரோல் வரத்து குறைகிறது, காரணம் பிடிபடவில்லை

வால்பாறை98

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி மாற்றம் செய்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்க.

வண்டி 1998 மாருதி ஜிப்ஸி கிங், கார்புரேட்டர் மாடல், அப்பா வாங்கியது. பழைய என்ஜின் புகை தள்ள ஆரம்பித்ததும் 2004 ஜிப்ஸியின் 1298 சிசி 16 வால்வு எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) என்ஜினை இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங், சென்சார் எல்லாம் சேர்த்து கோயம்புத்தூர் உக்கடத்தில் எடுத்து மாட்டினோம். ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் புது என்ஜின் எண்ணும் ஏற்றியாயிற்று. கிடைக்காதது ஒன்றே ஒன்று, எம்பிஎஃப்ஐ டேங்க். பார்த்த இரண்டு டேங்கும் அடியில் துருப்பிடித்து ஓட்டையாக இருந்தன. அதனால் பழைய கார்புரேட்டர் டேங்கையே வைத்துக்கொண்டு, சேஸிஸின் உள்பக்கத்தில் இன்லைன் பம்ப் (டேங்குக்கு வெளியே, குழாயின் நடுவில் வைப்பது) ஒன்றை மாட்டிவிட்டோம். பம்புக்கு முன்னால் ஒரு பேப்பர் ஃபில்டர், பின்னால் எம்பிஎஃப்ஐ ஃபில்டர். என்ஜினில் மிஞ்சும் பெட்ரோல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பப் போகிறது.

இப்போது பிரச்சினை. கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை 80, 90-இல் வந்தாலும் எந்தக் குறையும் கிடையாது. ஆழியார் தாண்டி ஏற ஆரம்பித்து ஆறேழு கொண்டை ஊசி வளைவு போனதும் லேசாக ஒரு உதறல் வரும். அப்புறம் ஒன்பதாவது வளைவு, அந்த லோம்ஸ் வியூ பக்கம் வரும்போது, மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டர் முழுசாக மிதித்தாலும் இழுக்காது. இரண்டாவதுக்கு இறக்கினால் இன்னும் மோசம், முன்னும் பின்னும் ஜெர்க் அடித்து அணைந்துவிடும். ஓரமாக நிறுத்தி பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகி நாலைந்து வளைவு நன்றாக ஏறும், திரும்பவும் அதே கதை. 40 வளைவையும் நிற்காமல் ஏறியது ஒரே ஒரு நாள்தான், அன்றைக்குக் காலை ஆறு மணிக்குள் ஏறிவிட்டேன், டேங்கும் ஃபுல்.

அதை வைத்து டேங்க் ஃபுல்லாக இருந்தால் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஃபுல் டேங்கோடு மதியம் ஏறினேன், பதிமூன்றாவது வளைவில் நின்றுவிட்டது. வண்டியில் அம்மாவும் குழந்தையும் இருந்தார்கள். பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, வளைவின் நடுவில் கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு இந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றவில்லை.

இதுவரை மாற்றியவை: பம்ப் இரண்டு முறை, இரண்டு ஃபில்டரும் மூன்று முறை, இன்ஜெக்டர் கிளீனிங், பிளக், பெட்ரோல் மூடி. வேலை செய்த பட்டறையில் இன்னொரு பெரிய பம்ப் போடலாம் என்கிறார்கள். இன்னும் செலவு செய்யும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

டைமிங்லைட்

நண்பரே, முதலில் இது பெட்ரோல் பிரச்சினைதான் என்று முடிவு செய்தது எப்படி? நீங்கள் மாற்றியதெல்லாம் பெட்ரோல் பக்கம்தான், பிளக் தவிர. அந்த என்ஜினில் கேம் சென்சார் (என்ஜின் சுழலும் நிலையை இசியூவுக்குச் சொல்வது) இருக்கிறது, சூடானால் சிக்னல் விட்டுவிடும், ஆறினால் சரியாகிவிடும். இக்னிஷன் காயிலும் அதேதான். பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாகிறது என்று சொன்னவுடன் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்பார்க் போனால் சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று போகும், டேக்கோமீட்டர் முள்ளும் அதே நொடி விழும், திரும்ப வரும்போதும் ஒரு உதையோடு வரும். பெட்ரோல் குறைந்தால் அப்படி இல்லை, இழுவை மெல்ல மெல்லக் குறையும், ஆக்ஸிலரேட்டரைப் பாதியாக விட்டால் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும், முழுசாக மிதித்தால் திணறும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதைப் போலத்தான் இருக்கிறது, ஆனால் உறுதி செய்யாமல் மேலே போகாதீர்கள்.

இன்னொன்று, வண்டி திணறி நிற்கும் அதே இடத்தில், ஒருவர் என்ஜினை அணையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் த்ராட்டில் பாடிக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயில் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே கொஞ்சம் அடிக்கட்டும். என்ஜின் உடனே எழுந்தால் பெட்ரோல்தான் பற்றாக்குறை. எழவில்லை என்றால் ஸ்பார்க் பக்கம் போகலாம். தீயணைப்பான் கையில் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

ஜி13_கோத்தகிரி

தம்பி, இதே மாற்றத்தை நான் 2011-இல் செய்தேன், இதே டேங்க் தவறையும் செய்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கார்புரேட்டர் டேங்கை எம்பிஎஃப்ஐ-க்கு வைப்பதில் எங்கே சிக்கல் என்றால், கார்புரேட்டரில் ஒரு ஃப்ளோட் பவுல், அதாவது பெட்ரோல் சேர்ந்து நிற்கும் சின்னக் கிண்ணம் உண்டு. டேங்கில் குழாய் வாய் இரண்டு நொடி காற்றை உறிஞ்சினாலும் பவுலில் இருக்கும் பெட்ரோல் அதைச் சமாளித்துவிடும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. எம்பிஎஃப்ஐ-யில் அந்தச் சேமிப்பு கிடையாது. ஒரு நொடி காற்று போனாலும் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) பிரஷர் விழும், வண்டி உதறும். அதனால்தான் எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பம்பை டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்க வைத்து, அதைச் சுற்றி பெட்ரோல் ஓடிவிடாமல் ஒரு தடுப்பும் வைக்கிறார்கள். உங்கள் டேங்கில் அது இல்லை. ஏற்றத்தில், வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது குழாய் வாய் வெளியே வந்துவிடும். ஆறாவது ஏழாவது வளைவில் நீங்கள் சொல்லும் உதறல் இதுவாக இருக்கலாம்.

ஆனால் ஃபுல் டேங்கிலும் நின்றது என்கிறீர்கள் பாருங்கள், அதை இது விளக்காது. எனக்கு என்னவோ இங்கே இரண்டு கோளாறு ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. விட்டு விட்டு வரும் கோளாறுகள் ரொம்ப நாள் பிடிபடாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒன்றைச் சரி செய்வோம், மற்றொன்று அப்படியே இருக்கும், சரி செய்தது வீண் என்று நினைத்துத் திரும்பப் பழையதையே மாட்டிவிடுவோம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 80 குதிரைத்திறன் என்ஜின் முழு ஆக்ஸிலரேட்டரில் மணிக்கு சுமார் 25 லிட்டர் குடிக்கும். உங்கள் பம்ப் மணிக்கு 120 லிட்டர் தள்ளும் வகை என்று வைத்துக்கொண்டால், மீதி கிட்டத்தட்ட 100 லிட்டர் சூடான என்ஜின் மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு டேங்குக்குத் திரும்புகிறது. டேங்கில் 20 லிட்டர் இருந்தால் அத்தனையும் 12 நிமிடத்துக்கு ஒரு முறை என்ஜின் பக்கம் போய்ச் சூடாகி வருகிறது. சூடான பெட்ரோலை அழுத்தித் தள்ளினால் ஒன்றும் ஆகாது, உறிஞ்சினால்தான் ஆபத்து, உறிஞ்சும் குழாயிலேயே ஆவியாகிவிடும். இன்லைன் பம்ப் நன்றாகத் தள்ளும், உறிஞ்சுவதில் ரொம்ப பலவீனம். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தமும் குறைகிறது, வால்பாறை உயரத்தில் சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு, அதுவும் ஆவியாவதைச் சுலபமாக்கும். அதிகாலையில் ஏறிவிட்டது, மதியம் ஏறவில்லை என்பதும் இதோடு பொருந்துகிறது.

ஆக, பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் எந்தத் தடை இருந்தாலும் அதுதான் முதல் குற்றவாளி. பம்புக்கு முன்னால் பேப்பர் ஃபில்டர் போட்டது தவறு. அங்கே பெரிய கண் உள்ள கம்பி வலை வடிகட்டி மட்டும்தான் இருக்க வேண்டும், நுண்ணிய ஃபில்டர் பம்புக்குப் பின்னால். பம்ப் எந்த உயரத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ கீழேயோ இருக்க வேண்டும்.

இனி எதையும் மாற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவில் ஒரு டி (மூன்று வழி இணைப்பு) போட்டு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். சாவி போட்டு என்ஜின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது ஏறத்தாழ 2.7 முதல் 3.1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்ட வேண்டும், ஐடிலில் வேக்குவம் இழுப்பதால் 2.1 முதல் 2.6. கேஜை முன் கண்ணாடிக்கு வெளியே வைப்பர் பக்கம் டேப் போட்டு ஒட்டி, பார்த்துக்கொண்டே மலை ஏறுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும். எந்தக் காரணத்துக்காகவும் பெட்ரோல் உள்ள குழாயை கேபினுக்குள் கொண்டுவராதீர்கள், அது 3 கிலோ அழுத்தத்தில் இருக்கிறது.

எர்த்_வயர்

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பம்புக்கு கரண்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள்? கார்புரேட்டர் வண்டியின் பழைய வயரில் சாவி சுவிட்ச் வழியாகக் கொடுத்திருந்தால் பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கும்போது பம்பில் 11-தான் இருக்கும். அந்த இரண்டு மூன்று வோல்ட்டுக்கு பம்பின் வேகம் ரொம்பவே விழுந்துவிடும். கனெக்டர் சூடானால் இன்னும் குறையும், இதுவும் ஆறினால் சரியாகும் வகைதான்.

பம்பின் இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய வயர் இழுத்து மல்டிமீட்டரை கேபினில் வையுங்கள். கேஜ் விழும் அதே நேரத்தில் வோல்ட்டும் விழுகிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். வண்டி நிற்கும்போது அளந்து சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், கோளாறு நடக்கும்போது எடுத்த அளவுதான் அளவு. எர்த்தை சேஸிஸில் பெயின்ட் சுரண்டி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வால்பாறை98

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை நண்பரோடு போய்ச் செய்து பார்த்துவிட்டேன், அரை டேங்குக்குக் கொஞ்சம் கீழே பெட்ரோல், பகல் பதினொரு மணி.

ஆழியாரில் ஐடிலில் 2.4, பம்ப் மட்டும் ஓடும்போது 3.0, வோல்ட் 13.4. ஐந்தாவது வளைவு வரை முள் அசையவில்லை. ஆறாவதில் இடது பக்கம் திரும்பும்போது முள் படபடவென்று ஆடி 1.5-க்குப் போய் உடனே திரும்பியது, வண்டியும் அதே நேரம் உதறியது. வலது வளைவுகளில் அப்படி எதுவும் இல்லை. அடுத்த இடது வளைவிலும் அதேதான். சரி, அண்ணன் சொன்ன குழாய் வாய் விஷயம் இது.

எட்டாவதுக்கு மேல் வேறு மாதிரி. நேர் ரோட்டிலேயே முள் ஆடாமல் மெதுவாக இறங்கியது. 2.8, 2.5, 2.1, அப்படியே 1.2 வரை. வோல்ட் 13.2-லேயே நின்றது, ஆகவே வயரிங் இல்லை. கார்ப் கிளீனர் அடித்ததும் என்ஜின் குபீரென்று எழுந்தது, ஆகவே ஸ்பார்க்கும் இல்லை. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறதா என்று பெட்ரோல் மூடியைத் திறந்தேன், காற்று இழுக்கும் சத்தம் எதுவும் இல்லை.

பம்ப் டேங்கின் அடிமட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது, உறிஞ்சும் ஹோஸ் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், நடுவில் ஒரு வளைவு. பம்ப் சத்தமும் மாறுகிறது, முதலில் ஒரு ரீங்காரம், பிரஷர் விழும்போது கரகரவென்று கல் அரைப்பது போல.

ஜி13_கோத்தகிரி

அந்தக் கரகர சத்தம்தான் விஷயம் தம்பி. பம்ப் பெட்ரோலுக்குப் பதில் ஆவியைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பம்ப் நல்ல பம்ப்தான், அதற்கு வரத்துதான் இல்லை.

இன்னும் ஒரு சோதனை. வண்டி அந்த நிலைமையில் இருக்கும்போது என்ஜினை அணைத்து, ரிட்டர்ன் ஹோஸை டேங்க் பக்கம் கழற்றி ஒரு அளவு கேனில் விட்டு, ரிலேயை ஜம்பர் வயர் போட்டு நேரடியாக இணைத்து பம்பை 30 நொடி ஓட விடுங்கள். எவ்வளவு வருகிறது என்று குறியுங்கள். அப்புறம் உறிஞ்சும் ஹோஸைப் பம்பில் கழற்றிவிட்டு, வேறொரு நல்ல குட்டி ஹோஸ் மூலம் பக்கத்தில் பம்பைவிட உயரமாக வைத்த கேனிலிருந்து நேரடியாகக் கொடுத்துத் திரும்ப 30 நொடி. திறந்த வெளியில், சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சிந்தாமல், தீயணைப்பானோடு. ரோட்டோரத்தில் வேண்டாம், வீட்டு வாசலிலேயே வண்டியை அரை மணி நேரம் ஐடிலில் சூடாக்கினாலும் பாதியாவது தெரியும்.

உறிஞ்சும் ஹோஸ் எப்போது மாற்றியது? அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது?

வால்பாறை98

ஹோஸ் மாற்றத்தின்போது போட்டது, ஒன்றரை வருடம் ஆகிறது. புதுசு என்பதால் அதைச் சந்தேகப்படவே இல்லை. மேலே எந்த எழுத்தும் இல்லை, கடையில் சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்தது.

நேற்று வாசலில் வைத்து அளந்தேன். காலையில் ஜில்லென்று இருக்கும்போது 30 நொடியில் 950 மில்லி. ஒரு மணி நேரம் ஐடிலில் விட்ட பிறகு 380. அதே சூட்டில், அதே பம்பில், தனி கேனிலிருந்து கொடுத்தபோது 940. இரண்டு முறை செய்து பார்த்தேன், பத்து மில்லி கூட மாறவில்லை.

பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டுப் பார்த்தேன், 380 என்பது 450 ஆனது, அவ்வளவுதான். மிஞ்சியது ஹோஸ். கழற்றி பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். வெளியே பார்த்தால் புது ஹோஸ் போலத்தான் இருந்தது. உள்ளே, அந்த வளைவு இருந்த இடத்தில், உள்புற ரப்பர் தோல் நூல் அடுக்கிலிருந்து பிரிந்து, விரல் நகம் அகலத்துக்கு ஒரு நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் ஊறிய ரொட்டி போல மெத்தென்று இருக்கிறது, மையும் ஒட்டுகிறது. பம்ப் இழுக்கும்போது அந்த நாக்கு எழுந்து வழியை மூடியிருக்கிறது, நிறுத்தினால் திரும்பப் படுத்துவிட்டிருக்கிறது. இரண்டு பம்ப் மாற்றியபோதும் இதே ஹோஸைத்தான் கழற்றி மாட்டினோம்.

டைமிங்லைட்

அருமையாகப் பிடித்தீர்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20, 20 சதவீதம் எத்தனால். சாதாரண ரப்பர் ஹோஸ் அதில் ஊறி, உள் அடுக்கு இப்படித்தான் பிரியும், அதிலும் சூடும் இழுவையும் சேர்ந்தால் சீக்கிரமே. புது ஹோஸ் வாங்கும்போது மேலே ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள், அது இன்ஜெக்‌ஷன் வண்டிக்கானது. ஆர்7 என்றால் கார்புரேட்டர் வண்டிக்கானது. டேங்குக்குள் மூழ்கி இருக்கும் இடத்தில் ஆர்9 கூட ஆகாது, ஆர்10 வேண்டும். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

அந்த ஒரு துண்டு மட்டும் இல்லை, ரிட்டர்ன், என்ஜின் பக்கம், எல்லாமே அதே சுருளிலிருந்து வெட்டியதாக இருந்தால் எல்லாவற்றையும் இன்றைக்கே மாற்றுங்கள். உறிஞ்சும் பக்கம் பிரிந்தால் வண்டி நிற்கும். அழுத்தப் பக்கம் வெடித்தால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும்.

எர்த்_வயர்

கிளிப்பும் மாற்றிவிடுங்க. பல் வெட்டிய வார்ம் கிளிப் மெல்லிய ஹோஸைக் கடித்து அறுத்துவிடும், சுற்றிச் சமமாகப் பிடிக்கும் எஃப்ஐ கிளிப் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

வால்பாறை98

எல்லா ஹோஸும் ஆர்9, கிளிப்பும் மாற்றியாயிற்று. பம்பை டேங்க் அடிமட்டத்துக்குக் கீழே இறக்கி, கல் அடிக்காமல் ஒரு தகடும் வைத்துவிட்டேன். முன்னால் வலை வடிகட்டி. சூட்டில் 30 நொடிக்கு 940 மில்லி வருகிறது.

நேற்று மதியம் ஒரு மணிக்கு, வெயிலில், அரை டேங்கில் நான் மட்டும் போனேன். 40 வளைவும் ஏறி வால்பாறை பஸ் ஸ்டாண்ட் வரை நிற்கவில்லை. மெதுவாக இறங்கும் அந்தக் கோளாறு போயே போச்சு, மிதித்தால் முள் 3-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இடது வளைவில் அந்தப் படபடப்பு இன்னும் இருக்கிறது, மூன்று இடத்தில் உதறியது. வரும் வழியில் டேங்கை நிரப்பிவிட்டுப் பார்த்தேன், ஒரு முறை கூட ஆடவில்லை.

கோத்தகிரி அண்ணா, இதற்கு நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள்? எம்பிஎஃப்ஐ டேங்க் தேடிக் காத்திருப்பதா, வேறு வழி இருக்கிறதா?

ஜி13_கோத்தகிரி

நான் சர்ஜ் டேங்க் போட்டேன் தம்பி, பதினான்கு வருடமாக ஓடுகிறது. ஒன்றரை லிட்டர் பிடிக்கும் அலுமினியக் குடுவை, கோயம்புத்தூர் கணபதி பகுதியில் லேத் பட்டறையில் வரைபடம் கொடுத்தால் வெல்டிங் அடித்துக் கொடுப்பார்கள். கார்புரேட்டர் வண்டிக்கு வரும் குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்ப் ஒன்று மெயின் டேங்கிலிருந்து குடுவையை நிரப்பும். உங்கள் இப்போதைய பம்ப் குடுவையின் அடியிலிருந்து எடுக்கட்டும். என்ஜின் ரிட்டர்ன் குடுவைக்கு வரட்டும், குடுவையின் உச்சியிலிருந்து ஒரு வழிவு குழாய் மெயின் டேங்குக்குப் போகட்டும். வளைவில் மெயின் டேங்க் குழாய் காற்றை உறிஞ்சினாலும் அந்தக் காற்று குடுவையில் மேலே ஏறி வழிவு வழியாகப் போய்விடும், அடியில் எப்போதும் பெட்ரோல் இருக்கும். கார்புரேட்டரின் ஃப்ளோட் பவுல் செய்த வேலையை இது செய்கிறது.

வழிவு குழாயை மட்டும் சிறியதாக வைத்துவிடாதீர்கள், குறைந்தது 8 மில்லி உள்விட்டம். என்னுடையதில் முதலில் 6 வைத்து, குடுவைக்குள் அழுத்தம் ஏறி ஐடிலே சரியாக நிற்கவில்லை. குடுவையைக் கேபினுக்குள் வைக்க வேண்டாம், டேங்க் பக்கத்திலேயே சேஸிஸில் வையுங்கள். இரண்டு பம்பும் ஒரே ரிலேயில் இல்லாமல் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ், ஆனால் இரண்டுக்கும் கட்டளை இசியூவிலிருந்தே வரட்டும். வண்டி மோதி என்ஜின் நின்றால் இரண்டு பம்பும் சேர்ந்து நிற்க வேண்டும்.

அது தயாராகும் வரை டேங்கை அரைக்குக் கீழே இறக்காமல் ஓட்டுங்கள். கேஜையும் கழற்றாதீர்கள். குடுவை மாட்டியதும் கால் டேங்க் பெட்ரோலோடு ஒரு தடவை ஏறி, ஆறாவது வளைவில் முள் என்ன செய்கிறது என்று இங்கே எழுதுங்கள். அதற்கப்புறம் அம்மாவைக் கூட்டிப் போகலாம்.